தக்காளி இலை மஞ்சளாகுதா? மருந்துக் கடைக்குப் போகும் முன் பத்து நிமிடம்

இரவு ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி, பிள்ளைப்பாக்கத்தில் வாடகை வீட்டு மாடிப்படி ஏறும்போது மணி ஏழு இருக்கும். படுக்கப் போகும் முன் மொட்டை மாடிச் செடிகளை ஒரு தடவை எட்டிப் பார்ப்பது வழக்கம். அன்றைக்குப் பார்த்தால், தக்காளிச் செடியின் அடியில் நாலு இலை மஞ்சளாக நிற்கிறது. "என்னடா இது, போன வாரம் வரைக்கும் பச்சைப்பசேல்னு இருந்துச்சே!"

உடனே நம்மில் பலர் என்ன செய்கிறோம்? ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பத்து நிமிடத்தில் பத்து பதில் வருகிறது. ஒருவர் உரம் போடச் சொல்கிறார், இன்னொருவர் மருந்து அடிக்கச் சொல்கிறார், மூன்றாமவர் டீத்தூள் போடச் சொல்கிறார். மூன்றையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டு, செடி செத்த பிறகு "நம்ம கைக்கு ராசி இல்லை" என்று விட்டுவிடுகிறோம்.

ராசியெல்லாம் ஒன்றும் இல்லைங்க. இலை நிறம் மாறுவது, செடி நம்மிடம் ஏதோ சொல்கிறது என்பதற்கு அடையாளம். எந்த இலை, இலையில் எந்த இடம், எந்த நிறம் என்ற மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும். அதற்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை?

2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியது நினைவிருக்கும். அந்த மாதம் 4-ஆம் தேதி முதல் சென்னையில் 82 நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தமிழக அரசு தக்காளி விற்றது. "நாமளே நாலு செடி வெச்சா என்ன?" என்ற எண்ணம் அப்போது எத்தனையோ வீடுகளில் வந்தது. அரசும் இதற்குக் கைகொடுக்கிறது. மாடித்தோட்டத் தளைகள் பல ஆண்டுகளாக மானிய விலையில் தரப்படுகின்றன. 2025 ஜூலை 4-ஆம் தேதி தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில், தக்காளி உள்ளிட்ட 6 வகைக் காய்கறி விதைகள் அடங்கிய தொகுப்பு முழு மானியத்தில் அறிவிக்கப்பட்டது.

விதை கிடைக்கிறது, பை கிடைக்கிறது. ஆனால் நாற்பதாவது நாளில் இலை மஞ்சளாகும்போது பலருடைய தோட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதைவிடக் கவலையான விஷயம் ஒன்று இருக்கிறது. என்ன கோளாறு என்று தெரியாமலே கடையில் கொடுத்த பூச்சிக்கொல்லியை அடிக்கிறோம். அந்தச் செடியின் பழத்தை மூன்றாம் நாள் குழந்தை பறித்து அப்படியே கடிக்கிறது. வீட்டில் காய்கறி வளர்ப்பதே நஞ்சில்லாமல் சாப்பிடத்தான் என்றால், காரணம் தெரியாமல் மருந்து தொடவே கூடாது.

முதல் கேள்வி: அடி இலையா, நுனி இலையா?

செடிக்குள் சில சத்துகள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை அப்படிப்பட்டவை. பற்றாக்குறை வந்தால், வயசான அடி இலையிலிருந்து அவற்றை உருவி, புதுத் தளிருக்குச் செடி கொடுத்துவிடும். வீட்டில் பெரியவர்கள் தங்கள் தட்டில் இருப்பதைப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி. அதனால் இந்தச் சத்துகளின் குறை முதலில் அடி இலையில் தெரியும்.

இரும்பு, சுண்ணாம்பு, போரான் போன்றவை எளிதில் நகராது. இவை குறைந்தால் புதுசாக வரும் நுனி இலையில்தான் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு செடி முன்னால் உட்காருங்கள்.

அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளிறி மஞ்சளாகிறது, செடியும் மெலிந்து நிற்கிறது என்றால் தழைச்சத்துக் குறைவு. பை ஒன்றுக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழு உரம் போட்டு, மேல்மண்ணை லேசாகக் கிளறிவிட்டு, 15 நாளுக்கு ஒரு முறை தொடரலாம். பஞ்சகவ்யா இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். ஏற்கெனவே மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. புதிதாக வரும் இலை பச்சையாக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அடி இலையில் நரம்பு பச்சையாக இருக்க, நரம்புக்கு நடுவில் மட்டும் மஞ்சள் பாய்ந்திருக்கிறது என்றால் மக்னீசியக் குறைவு. காய் பிடிக்கும் சமயத்தில் இது அதிகம் வரும். எப்சம் உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் கலந்து, மாலையில் இலை மீது தெளிக்க வேண்டும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை செய்தால் போதும். "நல்லா வேலை செய்யுது" என்று தினமும் அடிக்க வேண்டாம்.

நுனி இலையில் நரம்பு பச்சை, மற்ற இடம் வெளிறிய மஞ்சள் என்றால் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாததால்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். கடினமான போர் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றும்போது மண்ணின் காரத்தன்மை ஏறி, இருக்கிற இரும்பையே வேர் எடுக்க முடியாமல் போகும். பையில் தண்ணீர் தேங்கினாலும் இதே நிலைதான். அவசரத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட்டுடன் சிறிது எலுமிச்சைச் சாறு கலந்து, அன்றே தெளித்துவிடலாம். ஆனால் தண்ணீரைச் சரிசெய்யாவிட்டால் திரும்ப வரும்.

இலையின் அடிப்பக்கமும் நரம்பும் ஊதா நிறமாக மாறினால் மணிச்சத்து வேருக்குக் கிடைக்கவில்லை. சின்ன நாற்றிலும், மழைக்காலத்தில் ஈரம் காயாத பையிலும் இது தெரியும். பை வடிந்து வெயில் பட்டாலே பல சமயம் தானாகச் சரியாகும்.

அடி இலை மேல்நோக்கிச் சுருண்டு, பச்சையாகவே தடித்து நின்றால் பதற வேண்டாம். கடும் வெயில், தண்ணீர் ஏற்ற இறக்கம், அதிகமாகக் கிளை வெட்டியது ஆகியவற்றால் வரும் சாதாரணச் சுருட்டல் இது. காய்ப்பு பெரிதாகப் பாதிக்காது.

பாதி வழக்கு தண்ணீரில்தான் முடியும்

வயலில் தக்காளி வளர்ப்பதற்கும் பையில் வளர்ப்பதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. வயலில் அதிகத் தண்ணீர் கீழே இறங்கிப் போய்விடும். பையில் அதற்கு வழி அந்த நாலைந்து ஓட்டைகள் மட்டுமே. அவை சிமெண்ட் தரையோடு ஒட்டி அடைத்துக்கொண்டால், வேர் தண்ணீரில் மூழ்கி மூச்சுத் திணறும். வேர் வேலை செய்யாவிட்டால் மண்ணில் எவ்வளவு உரம் இருந்தும் பயன் இல்லை. இலை மஞ்சளாகும். நாம் "தண்ணி பத்தலை போல" என்று இன்னும் ஊற்றுவோம்.

ஷிப்ட் மாறி மாறி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இது இன்னும் சிக்கல். காலையில் கணவர் ஊற்றிவிட்டுப் போவார், அது தெரியாமல் மாலையில் மனைவியும் ஊற்றுவார். அடுத்த வாரம் இருவருக்கும் ஓவர்டைம், மூன்று நாள் யாருமே ஊற்ற மாட்டார்கள். செடி ஒரு வாரம் வெள்ளத்திலும் ஒரு வாரம் வறட்சியிலும் இருக்கும்.

தீர்வு எளிது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். வறண்டிருந்தால், அடியிலிருந்து கொஞ்சம் வடியும் வரை ஊற்றுங்கள். பைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். யார் எப்போது ஊற்றினார்கள் என்பதற்கு மாடிக் கதவில் ஒரு காலண்டர் தாள் ஒட்டி, ஊற்றியவர் ஒரு கோடு போட்டால் சண்டையும் இல்லை, செடியும் பிழைக்கும்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் ஆர்.ஓ. கருவி கட்டாயமாகிவிட்டது. அதிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவது நல்ல மனசுதான். ஆனால் தக்காளிக்கு அது பல சமயம் ஒத்துக்கொள்ளாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் அளவு, லிட்டருக்கு 700 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிக்குள் 3 லிட்டர் போனால் மொத்த உப்பு 2,100 மில்லிகிராம். குடிக்க 1 லிட்டர் வருகிறது, அதில் 50 மில்லிகிராம் உப்பு. மீதி 2,050 மில்லிகிராமும் வெளியேறும் 2 லிட்டரில் போகிறது. அதாவது லிட்டருக்கு ஆயிரத்துக்கும் மேல். ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் பாசன நீர் வழிகாட்டியின்படி, லிட்டருக்குச் சுமார் 1,100 மில்லிகிராம் உப்பு வரைதான் தக்காளி விளைச்சல் குறையாமல் தாங்கும். போர் தண்ணீரே 1,000-ஐத் தொடும் வீட்டில் கழிவுத் தண்ணீர் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். போதாததற்கு, பையில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

இதன் அடையாளம் என்ன? இலையின் விளிம்பு முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகத் தீய்ந்து நொறுங்கும். மேல்மண்ணிலும் பையின் ஓட்டை ஓரத்திலும் வெள்ளைப் படிவு தெரியும். சாம்பல்சத்துக் குறைவிலும் விளிம்பு தீயும். ஆனால் வெள்ளைப் படிவு கண்ணில் பட்டால் உப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இப்படி இருந்தால் முதலில் அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். நல்ல தண்ணீரை, பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு, மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். சேர்ந்த உப்பு கரைந்து வெளியேறும். அதோடு கொஞ்சம் உரமும் போய்விடும் என்பதால், ஒரு வாரம் கழித்து மண்புழு உரம் போடுங்கள். பிடித்து வைத்த மழைநீரும், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதவை. இவற்றைப் போர் தண்ணீரோடு கலந்து ஊற்றலாம். ஆர்.ஓ. கழிவை வீடு துடைக்க, கழிவறைக்கு, வண்டி கழுவப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. சர்வீஸ் செய்ய வருபவரிடம் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். அடுத்த முறை வரும்போது போர் தண்ணீர், கழிவுத் தண்ணீர் இரண்டையும் அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு இருக்கலாம். ஊறவைத்த முதல் தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டு தடவை அலசிப் பிழிந்த பிறகே பையில் நிரப்புங்கள்.

"பக்கத்துல ஃபேக்டரி, அதான் இப்படி"

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இலை கருகினால் முதலில் வரும் சந்தேகம் இதுதான். சந்தேகப்படுவதில் தப்பில்லை, ஆனால் சோதித்துப் பாருங்கள். காற்றில் வரும் பாதிப்பு என்றால் உங்கள் தக்காளியை மட்டும் தேடிப் பிடித்து வராது. பக்கத்து மாடியின் செடிகள், தெருவோர மரம், புல், களை எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கருகியிருக்க வேண்டும். அப்படி இருந்தால் தேதியோடு படங்கள் எடுத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்திலோ, முதல்வரின் முகவரித் துறையின் 1100 என்ற எண்ணிலோ புகார் கொடுக்கலாம். உங்கள் பையில் மட்டும் பாதிப்பு என்றால், காரணமும் அந்தப் பைக்குள்தான் இருக்கும்.

லாரி ஓடும் சாலைப் புழுதி வேறு கதை. இலை மீது படியும் புழுதி சிலந்திப்பேன் பெருகத் தோதாகிறது. வாரம் ஒரு முறை, விடியற்காலையில் இலையின் இரு பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.

இலையைத் திருப்பிப் பாருங்கள்

பூச்சிகள் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும். மேலே மட்டும் பார்த்தால் தெரியாது. கைபேசி கேமராவை ஜூம் செய்து பார்த்தால் கண்ணாடி போட்ட மாதிரித் தெரியும்.

செடியை லேசாகத் தட்டினால் வெள்ளையாகப் பொடி போலப் பறக்கிறதா? அது வெள்ளை ஈ. இது சாறு உறிஞ்சுவதோடு நிற்காது. தக்காளியின் இலைச்சுருள் நச்சுயிரியைச் செடிக்குச் செடி கொண்டுபோவது இதுதான். நுனி இலைகள் சிறுத்து, வெளிறி, சுருண்டு, செடி வளராமல் குட்டையாக நின்றால் அந்த நோய் வந்துவிட்டது என்று கொள்ளலாம். இதற்கு மருந்து கிடையாது. எந்தக் கடையில் யார் சொல்லிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தச் செடியைப் பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்ற செடிகளையாவது காப்பாற்றலாம். மனசு கேட்காதுதான். ஆனால் ஒன்றை வைத்திருந்தால் ஆறும் போய்விடும்.

வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த, மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் தட்டு அல்லது அட்டையில் ஆமணக்கு எண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வாரம் ஒரு முறை மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். அடுத்த முறை விதை வாங்கும்போது நோய் தாங்கும் ரகமா என்று கேளுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்ஷக், இலைச்சுருள், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு ரகம்.

இலை மேல் ஊசியால் குத்தியது போல நுண்ணிய மஞ்சள் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் சிலந்திப்பேன். தண்ணீர் பீய்ச்சுவதும் வேப்பெண்ணெயும் ஆரம்பத்தில் போதும். இலைக்குள் வெள்ளைக் கோலம் வரைந்த மாதிரி வளைந்து நெளிந்து கோடு போனால் இலைத்துளைப்பான். அந்த இலைகளைக் கிள்ளி எடுத்து நசுக்கிவிட்டாலே அடங்கும்.

இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து தெரிந்தால் தேமல் நோயாக இருக்கலாம். இதுவும் நச்சுயிரிதான். கையாலும் கத்தரிக்கோலாலும் பரவும். பீடி, சிகரெட், புகையிலை தொட்ட கையோடு செடியைத் தொடாமல், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.

வட்டத்துக்குள் வட்டம்

அடி இலைகளில் பழுப்புப் புள்ளி, அதற்குள் குறிபார்க்கும் பலகை போல வட்டத்துக்குள் வட்டம், சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் இலைக்கருகல் நோய். பூஞ்சையால் வருவது. மழைத்தண்ணீர் மண்ணில் பட்டு இலையில் தெறிக்கும்போது பரவும். எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கவனம் வேண்டும்.

பாதித்த அடி இலைகளை, செடி காய்ந்திருக்கும் நேரத்தில் வெட்டி அப்புறப்படுத்துங்கள். குச்சி நட்டுக் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இலை இல்லாமல் வையுங்கள். மண் மேல் காய்ந்த சருகு பரப்புங்கள். தண்ணீரை இலை மேல் ஊற்றாமல் வேரில் ஊற்றுங்கள். சூடோமோனாஸ் உயிர்ப் பூஞ்சைக்கொல்லி கிடைத்தால், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் தெளிக்கலாம். சில செடிகள் மட்டும் உள்ள மாடியில் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

ஒரு பக்கத்துக் கிளை மட்டும் மஞ்சளாகி வாடினாலோ, தண்ணீர் இருந்தும் பச்சையாகவே செடி திடீரென்று தொங்கினாலோ வாடல் நோயைச் சந்தேகிக்கலாம். அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் போல வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடியோடு பையின் மண்ணையும் அப்புறப்படுத்த வேண்டும். அதே மண்ணில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் வைத்தால் மறுபடியும் வரும்.

மருந்து வாங்கியே ஆக வேண்டும் என்றால்

மேலே சொன்ன எல்லாம் செய்தும் அடங்கவில்லை, அலுவலர் ஒருவர் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தார் என்றால் மட்டும் வாங்குங்கள். அப்போது இவற்றைக் கவனியுங்கள்:

* பொட்டலத்தில் முத்திரையும் லேபிளும் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருவதை வாங்காதீர்கள். வீட்டில் யாராவது தெரியாமல் குடித்துவிடுவார்கள்.
* லேபிளில் உள்ள முக்கோண நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம். பச்சைதான் இருப்பதில் குறைந்தது. சிவப்பும் மஞ்சளும் வீட்டு மாடிக்கு வரவே கூடாது.
* தெளித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபிளில் இருக்கும். அந்த நாள் வரை பழத்தைத் தொடாதீர்கள். பழுத்ததை எல்லாம் தெளிப்பதற்கு முன்பே பறித்துவிடுங்கள்.
* மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்தத் தடை உள்ளது. யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.
* தவறுதலாக உடலில் பட்டாலோ, உள்ளே போனாலோ 108-ஐ அழையுங்கள். லேபிளையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கைபேசியில் எப்படி உதவி கேட்பது?

மங்கலான ஒரே ஒரு படத்தை வைத்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தில் மூன்று படம் எடுங்கள். ஒன்று முழுச் செடி, பையோடு சேர்த்து. இரண்டாவது பாதித்த இலையின் மேல்பக்கம். மூன்றாவது அதே இலையின் அடிப்பக்கம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் புள்ளியின் அளவு புரியும். படம் காட்டினால் நோயைச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. அவை சொல்வதை முதல் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பால் தீய்ந்த இலையும் நோயால் கருகிய இலையும் படத்தில் ஒன்று போலத் தெரியலாம். உங்கள் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவது செயலிக்குத் தெரியாது.

பிறகு மனிதரிடம் கேளுங்கள்.

* கிசான் கால் சென்டர், 1800-180-1551. கட்டணம் இல்லை. வாரத்தின் ஏழு நாளும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழில் பேசலாம். எந்த ஷிப்டில் இருந்தாலும் ஒரு நேரம் கிடைக்கும்.
* உழவன் செயலி. தமிழக அரசு 2018-இல் தொடங்கியது. மானியத் திட்டங்கள், வானிலை, உங்கள் பகுதி அலுவலர் விவரம் போன்றவை இதில் கிடைக்கும்.
* வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். பிள்ளைப்பாக்கத்தில் இருப்பவர்கள் ஸ்ரீபெரும்புதூர் வட்டார அலுவலகத்தை அணுகலாம். முடிந்தால் பாதித்த இலையைக் காகிதக் கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் கவரில் வியர்த்து அழுகிவிடும்.
* விதைத் தொகுப்பு, மாடித்தோட்டத் தளை வேண்டுவோர் தோட்டக்கலைத் துறையின் இணையதளத்தில் ஆதார் விவரத்துடன் பதிவு செய்யலாம். விலையும் இருப்பும் ஆண்டுதோறும் மாறும் என்பதால் பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசும்போது எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தயங்க வேண்டாம். இப்படிச் சொல்லுங்கள்: "செடி நட்டு 40 நாள் ஆச்சு. பையில வெச்சிருக்கேன். அடி இலையில நரம்புக்கு நடுவுல மஞ்சளா இருக்கு. இலைக்கு அடியில பூச்சி இல்ல. போர் தண்ணி ஊத்துறேன், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. பதினஞ்சு நாள் முன்னாடி மண்புழு உரம் போட்டேன். வேற எதுவும் அடிக்கல." இந்த ஏழு வரியைச் சொன்னால், எதிரில் இருப்பவர் பாதி கேள்வியைக் கேட்க வேண்டியதே இல்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

கடைசியாக ஒன்று. எந்தத் தீர்வைச் செய்தாலும் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். தண்ணீரை மாற்றி, உரமும் போட்டு, எண்ணெயும் தெளித்தால், எது குணப்படுத்தியது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றைச் செய்யுங்கள், தேதியைக் காலண்டரில் குறியுங்கள், அதே இலையை மறுபடி படம் எடுங்கள். உங்கள் மாடியின் வெயிலுக்கும் உங்கள் வீட்டுப் போர் தண்ணீருக்கும் பொருந்துகிற பாடம் அந்தக் காலண்டரில்தான் எழுதப்பட்டிருக்கும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். நிறையக் காய்த்து ஓய்ந்த செடியின் அடி இலை மஞ்சளாகி உதிர்வது நோயே இல்லை. அதற்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் செய்ய வேண்டியது அடுத்த நாற்றைத் தயார் செய்வது. ஜூன்-ஜூலை, நவம்பர்-டிசம்பர், பிப்ரவரி-மார்ச் ஆகியவை தக்காளி விதைக்க ஏற்ற பருவங்கள். விதைத்த 25 நாளில் நாற்று பைக்கு மாறத் தயாராகிவிடும்.

நாளைக் காலை ஷிப்ட் முடிந்து வரும்போதோ, கிளம்பும்போதோ, செடி பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். அடி இலையா, நுனி இலையா? விளிம்பா, நடுவா? திருப்பிப் பார்த்தால் ஏதாவது நகர்கிறதா? பை வடிகிறதா? இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு, தேவைப்பட்டால் போனை எடுங்கள்.